லண்டனில் ஒரே ஒரு குளிர்கால சனிக்கிழமை: பட்டியலில் 11 இடம், பார்த்தது 3

தாம்பரம்_எக்ஸ்பிரஸ் | #1

ஜனவரியில் அலுவலக வேலையாக மூன்று வாரம் இங்கிலாந்து போயிருந்தேன். வேலை லண்டனுக்கு வெளியே. கடைசி வாரம் மனைவியும் வந்து சேர்ந்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர், பாடம் புவியியல். பொங்கல் விடுமுறையோடு நாலு நாள் லீவைச் சேர்த்துப் போட்டு வந்தாள். வெள்ளி இரவு பேடிங்டன் பக்கம் வந்து தங்கினோம். ஞாயிறு காலை விமானம். ஆக லண்டனுக்கு என்று எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

நான் சும்மா இருப்பேனா? எக்செல் போட்டேன். 11 இடம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், அடுத்த இடத்துக்கு எந்த ரயில், எல்லாம் வண்ணம் அடித்து வைத்திருந்தேன். பிக் பென், பக்கிங்காம் அரண்மனைக் காவலர் மாற்றம், டிரஃபால்கர் சதுக்கம், பிரிட்டிஷ் மியூசியம், செயின்ட் பால்ஸ், டவர், டவர் பாலம், ஸ்கை கார்டன், ஹைட் பார்க், மெழுகு பொம்மை, ஆக்ஸ்ஃபோர்ட் தெரு. மனைவியிடம் காட்டியபோது "கிரீனிச் எங்கே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நேரம் இல்லை என்றேன். அவள் பேசவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியும் இந்தத் தப்பைச் செய்கிறேன்.

எக்செல்லில் நான் போடாத ஒரு கட்டம் வெளிச்சம். காலை 7 மணிக்கு எழுந்து ஜன்னலைப் பார்த்தால் நடுராத்திரி மாதிரி இருக்கிறது. சூரியன் வரவே 8 மணி. மாலை 4.20க்கு அஸ்தமனம். அதாவது பகல் மொத்தமே எட்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நான் போட்ட அட்டவணையோ 13 மணி நேரத்துக்கு.

விடுதி அறையில் ஹீட்டர் ராத்திரி முழுக்க வேலை செய்யவில்லை. கீழே சொன்னதற்கு ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுத்தார்கள். அதனால் இருவருக்கும் சரியான தூக்கம் கிடையாது. ஒன்பதே காலுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்றோம். வெப்பம் 3 டிகிரி என்று போன் சொன்னது. தேம்ஸ் மேல் வந்த காற்றுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. பிக் பென் கோபுரத்தைப் பல வருஷம் சாரம் கட்டி மூடி வைத்திருந்தார்களே, இப்போது கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருக்கிறது. முள்ளும் எண்களும் கறுப்பில்லை, கரு நீலம். பழுதுபார்த்தபோது பழைய நிறத்தையே திரும்ப அடித்திருக்கிறார்களாம். காலை வெயில் அதன் மேல் பட்ட ஐந்து நிமிடம், சொல்கிறேன், டிக்கெட் காசு அங்கேயே வந்துவிட்டது.

அப்புறம் செயின்ட் ஜேம்ஸ் பூங்கா வழியாக அரண்மனைக்கு நடந்தோம். 10.10க்கே போய் நல்ல இடம் பிடித்தாயிற்று. கம்பிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்ததும் எனக்குப் பெருமை. கூட்டமே இல்லை, குளிர்காலத்தின் நன்மை பார் என்று மனைவியிடம் சொன்னேன். 11 ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. 11.05க்கு ஒரு பெண் போலீஸிடம் கேட்டேன். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறுதான் மாற்றம், இன்று சனி, நாளைக்கு வாருங்கள் என்றார். ஒரு மணி நேரத்தை வாசலில் கரைத்துவிட்டோம். எட்டே கால் மணி நேரத்தில் ஒரு மணி.

மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள். "கிரீனிச் மேட்டு வானியல் கூடத்தில் 1 மணிக்கு நேரம் காட்டும் பந்து விழும். இப்போ கிளம்பினால் பிடித்துவிடலாம்."

பிடித்தோம். அந்தக் கதையை அவளே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள், நான் கெடுக்கவில்லை. திரும்பி வந்து மில்லேனியம் பாலத்தில் சூரிய அஸ்தமனம், செயின்ட் பால்ஸில் மாலை வழிபாடு. அப்புறம் இரண்டு பஸ் மாறி விடுதிக்கு. மேல்மாடியில் முன் சீட்டு கிடைத்தும் நான் தூங்கிவிட்டேன். டிரஃபால்கர் சதுக்கத்தைத் தூக்கத்திலேயே கடந்தேன்.

மாற்றம் நடக்காத அரண்மனை வாசலையும் சேர்த்துப் பட்டியலில் உள்ள 11க்கு 3. அலுவலகத்தில் கேலி தாங்க முடியவில்லை. குளிர்காலத்தில் ஒரே நாள் கிடைத்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையாகச் சொல்லுங்கள்.

---

ஈஸ்ட்ஹாம்_வாசி | #2

வணக்கம் தம்பி. நான் இங்கை வந்து 26 வருசம். ஊரில் இருந்தும் கனடாவில் இருந்தும் வருகிற சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு சுற்றுகிற வேலை என்னுடையது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், 3 என்பது குறைவே இல்லை. போன டிசம்பரில் என் மச்சான் குடும்பம் ஒரே நாளில் 9 இடம் பார்த்தது. எது எங்கே என்று இப்போது கேட்டால் போட்டோவைப் பார்த்துத்தான் சொல்லுவினம்.

காவலர் மாற்றம் தவறியதற்குக் கவலைப்படாதீர்கள். குளிர்காலத்தில் அவர்கள் சிவப்பு உடுப்புக்கு மேல் சாம்பல் நிற நீளக் கோட்டுப் போட்டிருப்பினம். படத்தில் பார்க்கிற சிவப்பை எதிர்பார்த்து வந்த பிள்ளைகள் அழுததை நானே கண்டிருக்கிறேன். பெரு மழை என்றால் அதையும் நிறுத்திப்போடுவார்கள்.

வரப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிசம்பர் 25 அன்று லண்டனில் ட்யூப் என்கிற சுரங்க ரயில் இல்லை, ரயில் இல்லை, சிவப்பு பஸ்ஸும் இல்லை. முழு நகரமும் படுத்துவிடும். டிக்கெட் மலிவாக இருக்கிறது என்று அன்றைக்கு வந்து இறங்கி, ஹீத்ரோவில் இருந்து எனக்குப் போன் எடுத்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரையும் நான்தான் காரில் ஏற்றி வந்தேன். இனி மாட்டேன்.

மற்றது, வீதி ஓரத்தில் நின்று போனில் வரைபடம் பார்க்காதீர்கள். சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். கடை வாசலுக்குள் ஏறி நின்று பாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை | #3

எல்லோரும் ஆறுதல் சொல்கிறீர்கள். நான் சொல்ல மாட்டேன். விசா, விமானம், விடுதி என்று அம்மணி வந்து போன செலவைக் கணக்குப் போட்டால் அந்த ஒரு நாளுக்கு என்ன விலை? அவ்வளவு கொடுத்துவிட்டு ஒரு பந்து கீழே இறங்குவதைப் பார்க்கப் போனீர்கள்.

லண்டனில் பெரிய மியூசியங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், எல்லாம் இலவசம். உள்ளே கதகதப்பு, கழிவறை, உட்கார பெஞ்ச். குளிர்காலத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபிச் சிற்பங்களுக்கென்று ஒரு தனி அறையே இருக்கிறது. 1845இல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்து மதராஸுக்கு அனுப்பிய கற்கள். அங்கே பல வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859இல் கப்பலேறி லண்டன் போயின. எகிப்தின் ரொசெட்டா கல்லைச் சுற்றித்தான் கூட்டம் மொய்க்கும். இந்த அறையில் நான் போனபோது நானும் காவலாளியும்தான். அந்தச் சுண்ணாம்புக் கல்லில் யானையின் தோல் சுருக்கம்வரை செதுக்கியிருப்பான். அதை விட்டுவிட்டு மலை ஏறினீர்களா?

---

தாம்பரம்_எக்ஸ்பிரஸ் | #4

பிள்ளைவாள், அமராவதியின் மிச்சம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். :)

ஆனால் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. மியூசியத்தை இருட்டினபிறகு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பார்த்தால் 5 மணிக்கே மூடுகிறார்கள். வெளிச்சம் போவது 4.20. நடுவில் நாற்பது நிமிடம். அதில் எகிப்தைப் பார்ப்பதா, கோட்டைக் கழற்றி மாட்டுவதா?

---

புவியியல்டீச்சர் | #5

நான்தான் அந்த மனைவி. இந்த இழைக்காகவே கணக்கு தொடங்கினேன்.

முதலில் இவர் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். காவலர் மாற்றம் இல்லை என்றதும் இவர் கால் மணி நேரம் யாரோடும் பேசவில்லை. கோபத்தில் கையுறையைக் கழற்றிக் கம்பி மேல் வைத்தவர், அங்கேயே விட்டுவிட்டார். அது இவருடைய கையுறைகூட இல்லை, என்னுடையது. என் கைதான் சின்னது, ஆனாலும் இவர் கைதான் முதலில் விறைத்ததாம்.

அந்தச் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் கூழைக்கடா இருக்கிறது. 1664இல் ருஷ்யத் தூதர் அரசருக்குப் பரிசாகக் கொண்டுவந்ததாம், அன்றிலிருந்து அந்தக் குளத்தில் கூழைக்கடா உண்டு. எனக்குச் சொந்த ஊர் நாங்குநேரி பக்கம். கூந்தன்குளத்தில் வீட்டு மரத்தில் கூடு கட்டிய கூழைக்கடாவைப் பார்த்து வளர்ந்தவள். இங்கே இருப்பது வேறு இனம், வெள்ளை, கனத்த உடம்பு. மூணு டிகிரி குளிரில் இறக்கைக்குள் அலகைச் செருகிக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்திருந்தது. இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் வாசலில் நின்றதற்குப் பதில் அந்தக் குளக்கரையில் நின்றிருக்கலாம்.

சரி, கிரீனிச். கிரீன் பார்க் நிலையத்தில் ஜூப்ளி பாதை ரயில் ஏறி, கேனரி வார்ஃபில் இறங்கி, டிஎல்ஆர் மாறினோம். அது ஓட்டுநர் இல்லாத ரயில். முன்சீட்டில் உட்கார்ந்தால் நாமே ஓட்டுவது போல இருக்கும். நேராகக் கிரீனிச்சுக்கே போகலாம், ஆனால் நான் ஐலண்ட் கார்டன்ஸில் இறங்கலாம் என்றேன். ஆற்றுக்கு இக்கரை. அங்கிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டஃபர் ரென் வடிவமைத்த பழைய கடற்படை மருத்துவமனை இரண்டு குவிமாடத்தோடு ஒரே வரிசையில் தெரியும். கோடையில் மரம் மறைக்கிற அழகெல்லாம் இலை உதிர்ந்த மாதத்தில் திறந்து கிடக்கிறது. இது குளிர்காலத்துக்கே உரிய லாபம்.

அங்கேயே ஆற்றுக்கு அடியில் ஒரு நடைபாதைச் சுரங்கம் இருக்கிறது. 1902இல் திறந்தது. இக்கரைக் கப்பல்துறையில் வேலை செய்த தொழிலாளிகள் அக்கரையிலிருந்து நடந்து வருவதற்காகக் கட்டியது. 370 மீட்டர் நீளம். வெள்ளை ஓடு பதித்த குழாய். காசு கிடையாது. தலைக்கு மேல் தேம்ஸ் ஓடுகிறது என்று நினைத்தால் நடை தானாக வேகமாகும். உள்ளே காற்று இல்லை, அதனால் அன்றைக்கு முழுக்க நான் விறைக்காமல் நடந்த இடம் அதுதான். வெளியே வந்தால் கட்டி சார்க். 1869இல் கட்டிய தேயிலைக் கப்பல். நின்று பார்க்க நேரமில்லை. மணி 12.20.

மலை என்று கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது மேடுதான். ஆனால் என் கான்வாஸ் ஷூ ஈரப் புல்லில் நனைந்து சாக்ஸ் வரை குளிர் ஏறிவிட்டது. 12.50க்கு மேலே போய்விட்டோம். வானியல் கூடத்தின் கோபுரத்தில் ஒரு கம்பம், அதில் சிவப்புப் பந்து. 12.55க்குப் பாதி உயரம் ஏறியது. 12.58க்கு உச்சிக்குப் போனது. சரியாக 1 மணிக்குக் கீழே விழுந்தது. அவ்வளவுதான். யாரும் கை தட்டவில்லை. ஒரு நாய் குரைத்தது.

1833இலிருந்து இது நடக்கிறது. ஆற்றில் நிற்கிற கப்பல்காரர்கள் தொலைநோக்கியில் இந்தப் பந்தைப் பார்த்துத்தான் தங்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள். கடிகாரம் தப்பினால் நடுக்கடலில் தீர்க்கரேகை தப்பும். ஒரு மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். இதை எட்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். அந்தப் பந்து விழுந்தபோதுதான் அந்த 4 நிமிடம் எனக்கே கண்ணில் பட்டது. இதற்கு என்ன விலை என்று கணக்குப்பிள்ளை ஐயா போட்டுச் சொல்லட்டும்.

---

கணக்குப்பிள்ளை | #6

டீச்சரே வந்துவிட்டார். நான் பெஞ்ச் மேல் ஏறி நிற்கிறேன்.

---

ரிட்டயர்டு_ரயில் | #7

அம்மா எழுதியதைப் படித்ததும் கை துறுதுறு என்கிறது. தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 4 நிமிடக் கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை கிழக்கே 80 டிகிரி 15 கலைக்குக் கிட்டத்தட்ட (ஒரு டிகிரிக்கு 60 கலை). நாலால் பெருக்கினால் 321 நிமிடம். அதாவது கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தி. இதுதான் மெட்ராஸ் டைம். நுங்கம்பாக்கத்து வானியல் கூடம் 1792இல் கட்டியது. அங்கே நட்சத்திரம் பார்த்துக் கணித்த நேரத்தைத்தான் தந்தி வழியாக இந்தியா முழுக்க ரயில்வே வைத்துக்கொண்டது. பம்பாய்க்காரனுக்கும் கல்கத்தாக்காரனுக்கும் ஊர் நேரம் தனி, ரயில் நேரம் மெட்ராஸ் நேரம். 1906இல் இப்போதைய ஐந்தரை மணி நேரம் வந்தபிறகுதான் அது போயிற்று. அந்தப் பழைய கூடத்தின் கருங்கல் தூண் இன்னும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது.

லண்டன்வரை போய், கிரீனிச்சின் பூஜ்ஜியத் தீர்க்கரேகைக் கோட்டைத் தாண்டியவர்கள் ஒருமுறை நுங்கம்பாக்கத்துத் தூணையும் பார்த்துவிட்டு வரலாமே. அதற்குக் கம்பளி வேண்டாம்.

---

தாம்பரம்_எக்ஸ்பிரஸ் | #8

ஐயா, அருமை. ஒரு சந்தேகம், எல்லோருக்கும் பொதுவாகக் கேட்கிறேன். அந்தப் பூஜ்ஜியக் கோட்டில் நின்று என் போனைப் பார்த்தேன். 0 காட்டவில்லை. மேற்கே 5 விநாடிக்குக் கொஞ்சம் கூட என்று காட்டியது (நேரம் இல்லை, கோண விநாடி; டிகிரியில் 3600இல் ஒரு பங்கு). போன் பழசு என்று நினைத்தேன். மனைவி சிரித்தாள், காரணம் சொல்லவில்லை, "வீட்டுப்பாடம்" என்றாள்.

---

புவியியல்டீச்சர் | #9

வீட்டுப்பாடம் செய்யாத மாணவருக்கு விடை: போன் சரி. கோடும் சரி.

1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் பூஜ்ஜியமாக ஏற்றது ஜார்ஜ் ஏரி (Airy) என்ற வானியலாளரின் தொலைநோக்கி இருக்கிற கோடு. அந்தத் தொலைநோக்கியை நேராக நிறுத்த அவர் பயன்படுத்தியது புவியீர்ப்பு. பாதரசத்தைத் தட்டில் ஊற்றினால் அது அந்த இடத்து ஈர்ப்புக்கு ஏற்ப மட்டமாக நிற்கும், அதை வைத்துச் செங்குத்து எது என்று எடுப்பார்கள். ஆனால் பூமி ஒரே சீரான உருண்டை இல்லையே. கிரீனிச்சில் ஈர்ப்பு சரியாகப் பூமியின் மையத்தை நோக்கி இழுக்காமல் கொஞ்சம் சாய்கிறது. செயற்கைக்கோளோ மையத்திலிருந்து கணக்குப் போடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தரையில் 102 மீட்டர். போன் காட்டுகிற பூஜ்ஜியம் கிழக்கே கிரீனிச் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே கோடும் இல்லை, வரிசையும் இல்லை.

வரிசை என்றதும் இன்னொன்று. வானியல் கூட முற்றத்தில் உள்ள உலோகக் கோட்டில் கால் அகட்டி நிற்கக் கட்டணம் உண்டு. அதே கோடு வெளியே கீழ்ப்பாதைச் சுவரிலும் இருக்கிறது, அதற்குக் காசு இல்லை. பந்தையும் வெளியே நின்றே பார்க்கலாம்.

---

மழைக்கால_மயில் | #10

அக்கா, நானும் வீட்டுக்காரரும் பிப்ரவரி முதல் வாரம் போகிறோம். எங்களுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். மான்செஸ்டரில் கல்யாணம், நடுவில் லண்டனுக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. என் பிரச்சினை இடம் இல்லை, குளிர். எனக்குக் கொடைக்கானலிலேயே பல் கிட்டும். ஊட்டி திபெத்திய மார்க்கெட்டில் வாங்கிய தடி ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது. அது போதுமா? அவர் கோட்டே வேண்டாம், ஒரு நாள்தானே என்கிறார்.

---

ஈஸ்ட்ஹாம்_வாசி | #11

தங்கச்சி, அவர் சொல்வதைக் கேட்கவேண்டாம். லண்டனில் ஸ்நோ கொட்டுவது எப்போதாவதுதான். இங்கத்தைய குளிர் ஈரமும் காற்றும். ஸ்வெட்டருக்குள் காற்று சல்லடைபோலப் போகும். காற்றும் மழையும் புகாத மேல் ஜாக்கெட் ஒன்று, அதில் தலையை மூடும் தொப்பி கட்டாயம். குடையை நம்பாதீர்கள். பாலத்தில் குடையைப் பிடித்தால் குடை உங்களைப் பிடித்துக்கொண்டு போகும்.

உள்ளுக்கு மெல்லிசாக மூன்று அடுக்குப் போடுங்கள், ஒரே தடியாகப் போடாதீர்கள். காரணம், வெளியில் 4 டிகிரி, ட்யூபுக்குள் இறங்கினால் வேர்க்கும், கடைக்குள் போனால் இன்னும் வேர்க்கும். ஒரு நாளைக்கு இருபது முறை கழற்றிப் போடவேண்டிவரும். வேர்வையோடு திரும்பக் காற்றுக்குள் வந்தால்தான் காய்ச்சல் வருத்தம் பிடிக்கும்.

கோட்டுக்குக் காசு கொட்டவேண்டாம். இங்கே ஒவ்வொரு வீதியிலும் தொண்டு நிறுவனங்களின் பழைய உடுப்புக் கடை இருக்கு. நல்ல கம்பளிக் கோட்டே மலிவாக எடுக்கலாம். போகும்போது திரும்ப அங்கேயே கொடுத்துவிட்டுப் போங்கள், பெட்டியில் பாரமும் இல்லை. சப்பாத்து மட்டும் ஊரிலேயே வாங்கிப் பழக்கிக்கொண்டு வாருங்கள். டீச்சருக்கு நடந்தது தெரியும்தானே.

---

தாம்பரம்_எக்ஸ்பிரஸ் | #12

சப்பாத்து என்றால் ஷூ. நான் முதலில் சப்பாத்தி என்று படித்து, ஊரிலிருந்து எதற்குப் பழக்க வேண்டும் என்று குழம்பினேன்.

---

கணக்குப்பிள்ளை | #13

மயில் அம்மா, வெள்ளிக்கிழமை என்றீர்களே, நீங்கள் அதிர்ஷ்டசாலி. #3இல் நான் சொன்னதை #4இல் மடக்கினார் அல்லவா, அந்த மடக்கு வெள்ளிக்குச் செல்லாது. வெள்ளி மட்டும் பிரிட்டிஷ் மியூசியம் இரவு எட்டரை வரை. நேஷனல் கேலரி 9 வரை. ஆகவே வெளிச்சம் இருக்கும்வரை வெளியே இருங்கள், இருட்டியதும் மியூசியத்துக்குள் போங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் அஸ்தமனம் ஏறக்குறைய 4.50, இவர்களைவிட உங்களுக்கு அரை மணி லாபம். காவலர் மாற்றமும் வெள்ளி உண்டு, ஆனால் கிளம்புமுன் அன்றைய தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் கிரீனிச்சுக்கும் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று நினைக்கிறேன். 11 மணிக்குத் தொடங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் பந்து போச்சு.

பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், 2014லேயே நிறுத்திவிட்டார்கள். வங்கி அட்டையைத் தொட்டால் போதும். ஒரே அட்டையை நாள் முழுக்கப் பயன்படுத்தினால் ஒரு வரம்புக்கு மேல் அதுவே பிடிக்காது. கவனம், கணவன் மனைவிக்கு அட்டை தனித்தனி வேண்டும். ஒரே அட்டையை இரண்டு பேரும் தொட முடியாது. முதல் பஸ் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்த பஸ்ஸுக்கு மறுபடி காசு இல்லை.

ஸ்கை கார்டன் இலவசம்தான், ஆனால் முன்பதிவு வேண்டும். தாம்பரத்தார் எக்செல்லில் வண்ணம் அடித்த நேரத்தில் அதைச் செய்திருக்கலாம்.

---

தாம்பரம்_எக்ஸ்பிரஸ் | #14

ஏற்றுக்கொள்கிறேன். அது என் தப்பு.

மயில், ஒன்று சொல்கிறேன், மாலை நேரத்தை மட்டும் ஓட்டமாக ஓடிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் கிரீனிச் மார்க்கெட்டில் நின்றபடியே சூடாகக் கொண்டைக்கடலைக் குழம்பும் சோறும் சாப்பிட்டு, டிஎல்ஆரில் பேங்க் நிலையம் வந்து, மூன்றே முக்காலுக்கு மில்லேனியம் பாலத்துக்குப் போனோம். 2000இல் திறந்த அன்றே ஜனம் நடந்த நடையில் ஆடி, இரண்டே நாளில் மூடி, 2002இல்தான் மறுபடி திறந்தார்களே, அந்தப் பாலம். இப்போது ஆடவில்லை. நான் குதித்துப் பார்த்தேன். மனைவி தெரியாதவள் போல நகர்ந்து நின்றாள்.

தெற்கே பார்த்தால் டேட் மாடர்னின் புகைபோக்கி. அது முன்பு மின் நிலையம். புகைபோக்கிக்கு வலப்பக்கம் சூரியன் இறங்கியது. குளிர்காலச் சூரியன் மேலே ஏறுவதே இல்லை, மத்தியானம்கூட நம் ஊர் நாலரை மணி வெயில் மாதிரிச் சாய்ந்துதான் இருக்கிறது. நாள் முழுக்க எடுத்த எல்லா போட்டோவிலும் நிழல் நீளம். இறங்கும்போது ஆறு முழுக்கச் செம்பு நிறம், திரும்பிப் பார்த்தால் செயின்ட் பால்ஸ் குவிமாடம் ரோஜா நிறம். பத்து நிமிடம். அப்புறம் யாரோ விளக்கை அணைத்தது போல இருட்டு. என் கை இரண்டும் மனைவியின் கோட்டுப் பைக்குள். கையுறை இல்லாததால் என்று பதிவு செய்யவும்.

செயின்ட் பால்ஸில் சுற்றிப் பார்க்கக் கட்டணம் அதிகம். மாலை வழிபாட்டுக்கு யாரும் போகலாம், கட்டணம் இல்லை. நாங்கள் போனது 5 மணிக்கு. படம் எடுக்கக்கூடாது, நடந்து திரியக்கூடாது, உட்கார்ந்து கேட்க வேண்டும். பாட்டு முடிந்தபிறகும் அந்தக் குவிமாடத்துக்குள் சத்தம் சில விநாடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் காலையிலிருந்து முதல்முறையாக எக்செல்லைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

---

புவியியல்டீச்சர் | #15

இதில் எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம். மலை மேல் அந்த வானியல் கூடத்தை வடிவமைத்தவரும் ரென்தான், 1675. செயின்ட் பால்ஸ் வேலை தொடங்கியதும் அதே 1675. மத்தியானம் ஆற்றங்கரையில் பார்த்த குவிமாடங்களும் அவருடையவை. நாங்கள் திட்டம் போடாமலே ஒரே கொத்தனார் பின்னால் நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறோம். அவரைப் புதைத்தது செயின்ட் பால்ஸின் நிலவறையில். பெரிய சமாதி கிடையாது, "நினைவுச்சின்னம் தேடுகிறாயானால் சுற்றிலும் பார்" என்ற பொருளில் லத்தீனில் எழுதியிருக்கிறார்கள். வழிபாட்டு நேரத்தில் கீழே விடவில்லை, அதனால் அதை நான் பார்க்கவில்லை.

மயில், கேட்காமலே ஒரு புத்தி: உங்கள் வீட்டுக்காரரும் பட்டியல் போடுகிறவர் என்றால், உங்களுக்கு வேண்டிய ஒன்றை முதல் வரியில் எழுத வையுங்கள். நான் மௌனமாக இருந்து ஒரு மணி நேரம் தொலைத்தேன்.

---

மட்டுறுத்துநர் | #16

மனைவிகள் பற்றிய இரண்டு நகைச்சுவைகள் நீக்கப்பட்டன. பழைய சரக்கு. இழை தொடரலாம்.

---

மழைக்கால_மயில் | #17

அக்கா, பட்டியலை நானே போட்டுவிட்டேன். நாலே வரி. பூங்காவில் கூழைக்கடா, சுரங்கம், பந்து, இரவு அமராவதி அறை. அவர் டவர் பாலம் கேட்டார், பஸ்ஸிலிருந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தொண்டுக் கடையில் கோட்டு எடுக்க வியாழன் மாலை.

ஒரே கேள்வி. அன்றைக்குக் காற்று அதிகமாக இருந்தால் பந்து விழுமா?

---

புவியியல்டீச்சர் | #18

காற்று பலமாக அடித்தால் ஏற்ற மாட்டார்கள். வானிலையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். விழாவிட்டாலும் மேட்டிலிருந்து லண்டன் முழுக்கத் தெரியும், ஏறியது வீணாகாது. கையுறையைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவது போல. வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

---

ஈஸ்ட்ஹாம்_வாசி | #19

தங்கச்சி, எந்த வெள்ளி என்று தனிமடலில் போடுங்கள். சொல்ல வெட்கமாக இருக்கு, 26 வருசத்தில் எத்தனை பேரை அந்த மேட்டில் ஏற்றி இறக்கியிருப்பன், ஒருநாளும் 1 மணிக்கு நான் அங்கே நின்றதில்லை. பார்க்கிங் காசு கூடுது என்று எல்லாரையும் பன்னிரண்டரைக்கே இழுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். இந்த முறை காரை விட்டுவிட்டு மனிசியையும் கூட்டிக்கொண்டு சுரங்கத்தால் நடந்து வாறம். பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவருவா. 12.50க்கு மேலே நிற்போம்.